தாகத்தில் செத்த பேட்டரி



கடந்த மார்ச் மாதம் ஒரு நாள் இரவு, நம் அறக்கட்டளையின் மாலைப் படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுத்தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஏழே முக்கால் மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் உடனே எடுத்துக்கொண்டது. பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு நான்கு முறை 'பீப்' என்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தார். பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பிளேட்டுகள் காய்ந்து வெளியே தெரிந்தன.

"பாய், இதுக்குக் கடைசியா எப்போ தண்ணி ஊத்துனீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஊற்றியதாக எனக்கு நினைவே இல்லை.

"வாங்கி ரெண்டரை வருஷம்தான் ஆகுது. இது வயசாகிச் சாகலை பாய், தாகத்துல செத்திருக்கு."

வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர் ஒருவர் அனுப்பிய நன்கொடையில் வாங்கிய பேட்டரி அது. ஐந்தாறு வருடம் உழைத்திருக்க வேண்டியது. பொறுப்பில் இருந்தவன் நான். மாதம் ஒரு முறை மிதவையைப் பார்த்து, சில நூறு ரூபாய்க்குப் பேட்டரித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருந்தால் போதும். அதைச் செய்யாததால் பல ஆயிரம் ரூபாய் போனது.

அன்றிலிருந்து பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். நம் வீடுகளில் இன்று பேட்டரி இல்லாத அறையே இல்லை. இன்வெர்ட்டர், பைக், செல்போன், சுவர்க்கடிகாரம், டிவி ரிமோட், பிள்ளைகளின் பொம்மை, விரலில் மாட்டும் டிஜிட்டல் தஸ்பீஹ் வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அவற்றைச் சரியாக வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும். சிலவற்றைச் சரியாக வைத்துக்கொண்டால் பிள்ளையின் உயிரே மிச்சமாகும். நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மின்சாரம் உள்ளே தேங்கி இருக்கிறதா?

தொட்டியில் தண்ணீர் இருப்பதுபோல் பேட்டரிக்குள் மின்சாரம் நிரம்பி இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பேட்டரிக்குள் இருப்பவை இரண்டு வேறுபட்ட பொருள்களும், அவற்றுக்கு நடுவே ஒரு திரவமோ பசையோ மட்டுமே. வெளியே ஒயர் மூலம் இணைப்புக் கொடுத்தவுடன் உள்ளே ஒரு வேதிமாற்றம் நடக்கிறது. அந்த மாற்றத்தில் பிறப்பதுதான் மின்சாரம்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். ஒரு எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பி ஒன்றையும், துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் ஒன்றோடொன்று படாமல் குத்துங்கள். இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். நான்கு பழங்களை வரிசையாகக் கோத்தால் சிறிய சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். பழத்தில் இருந்து மின்சாரம் வருகிறது என்று பிள்ளை சொல்லும். உண்மையில் கரைந்து செலவாவது ஆணியின் மேல் உள்ள துத்தநாகம். பழத்தின் புளிப்புச் சாறு அதற்கு வழி விடுகிறது, அவ்வளவுதான். (அந்தப் பழத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம். உலோகம் கரைந்திருக்கும்.)

இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். அந்த அடுக்கிலிருந்து தொடர்ந்து மின்சாரம் வந்தது. இன்று நாம் சொல்லும் 'வோல்ட்' அவர் பெயரிலிருந்து வந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒரு செல்லின் வோல்ட்டை முடிவு செய்வது அதன் உள்ளே இருக்கும் பொருள்கள். செல்லின் பருமன் அல்ல. அதனால்தான் ரிமோட்டில் போடும் மெல்லிய செல்லும், பெரிய டார்ச்சில் போடும் தடித்த செல்லும் ஒரே 1.5 வோல்ட். பெரிய செல்லில் பொருள் அதிகம் இருப்பதால் அதிக நேரம் உழைக்கும்.

இரண்டாவது, உள்ளே உள்ள பொருள் செலவாகிவிட்டால் செல்லின் ஆயுள் முடிந்தது. சில வகை செல்களில் அந்த மாற்றத்தைத் திருப்ப முடியாது. ரிமோட் செல், கடிகார செல் அந்த வகை. வேறு சிலவற்றில் வெளியிலிருந்து மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் பொருள்கள் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத்தான் 'சார்ஜ் ஏற்றுவது' என்கிறோம். இன்வெர்ட்டர் பேட்டரியும் செல்போன் பேட்டரியும் இந்த வகை.

ரிமோட் செல்லும் டார்ச் செல்லும்

சாதாரண டார்ச் செல்லின் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. அந்தக் கூடேதான் கரைந்து மின்சாரம் தருகிறது. பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடு மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளிருக்கும் பசை கசியும். தீர்ந்த செல்லை டார்ச்சிலேயே விட்டு வைத்தால் டார்ச் கெட்டுப்போவது இதனால்தான். அடிக்கடி எடுக்காத பொருள்களில் இருந்து செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பழைய செல்லோடு புதிய செல்லைச் சேர்த்துப் போடக் கூடாது. வலுவான செல், தீர்ந்துபோன செல்லின் வழியாகவும் மின்சாரத்தைத் தள்ளும். தீர்ந்தது சூடாகிக் கசியும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். சார்ஜ் ஏற்றும் வகை அல்லாத செல்லை வெயிலில் காய வைப்பது, அடுப்பருகே சூடு காட்டுவது, சார்ஜரில் போடுவது எதுவும் வேண்டாம். சூட்டில் சிறிது நேரம் உயிர் வந்ததுபோல் இருக்கும். வெடிக்கவும் செய்யும்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் உள்ளே

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு நமக்கெல்லாம் மறக்காது. அந்தக் காலத்தில்தான் நம் வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் பரவலாக நுழைந்தது. அதோடு வரும் கனமான பேட்டரி, ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்தது. பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய முறை இது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை.

அதன் உள்ளே தனித்தனியாக ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு செல். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். ஆறும் வரிசையாகச் சேர்ந்து 12 வோல்ட். ஆறில் ஒன்று கெட்டாலும் மொத்தப் பேட்டரியும் படுத்துவிடும். அதனால்தான் ஆறு மூடிகளையும் பார்க்க வேண்டும். முன்னால் உள்ள ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.

ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைப் பிளேட்டுகள். ஒன்று ஈயம், மற்றொன்று ஈய ஆக்சைடு. சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஃபேன் ஓடும்போது அமிலத்தில் உள்ள கந்தகப் பகுதி இரண்டு வகைப் பிளேட்டுகளிலும் போய் ஒட்டி, ஈய சல்பேட் என்ற வெண்மையான படிவாக மாறுகிறது. அமிலம் நீர்த்துப்போய்த் தண்ணீராகிறது. கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது இது அப்படியே திரும்புகிறது. படிவு கரைந்து அமிலம் மறுபடியும் கெட்டியாகிறது.

மெக்கானிக் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயால் திரவத்தை உறிஞ்சிப் பார்ப்பது இதைத்தான். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. முழு சார்ஜில் அளவு 1.240 முதல் 1.280 வரை இருக்கும். பேட்டரியின் வகையைப் பொறுத்து மாறும். 1.150 அளவுக்கு இறங்கினால் பேட்டரி காலி. ஆறு அறைகளில் ஐந்து ஒரே அளவு காட்டி ஒன்று மட்டும் மிகவும் குறைவாகக் காட்டினால், நோய் அந்த அறையில் இருக்கிறது என்று பொருள்.

பேட்டரி சாகும் மூன்று வழிகள்

முதல் வழி, தாகம். சார்ஜ் நிறையும் கட்டத்தில் உள்ளே வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு தண்ணீரையே ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வாயுக்களாகப் பிரித்துவிடுகிறது. அவை மூடியின் துளை வழியே வெளியேறும். நம் ஊர் வெயிலில் ஆவியாவதும் சேர்ந்துகொள்ளும். இப்படிக் குறைவது தண்ணீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே தங்கும். அதனால் ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டுமே. ஊற்றாமல் விட்டால் பிளேட்டின் மேல்பகுதி காற்றுபட்டு இறுகிவிடும். இறுகிய பகுதி பிறகு தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகத் திரும்பாது. நம் படிப்பகத்தில் நடந்தது இதுதான்.

இரண்டாவது வழி, பட்டினி. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் போட்டு வைத்தால், பிளேட்டில் ஒட்டிய மெல்லிய படிவு கெட்டியான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது. 'சல்பேட் ஏறிவிட்டது' என்று கடைக்காரர் சொல்வது இதை. வெளிநாடு போனவர் வீட்டில் ஆறு மாதம் நிற்கும் பைக்கின் பேட்டரி செத்துக் கிடப்பதற்குக் காரணமும் இதுதான். உபயோகிக்காவிட்டாலும் பேட்டரி தானாகவே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. மொட்டைமாடிக் கொட்டகையிலும், மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியிலும் பேட்டரியை வைப்பது பணத்தை வெயிலில் காய வைப்பதுதான்.

செய்ய வேண்டியவை

1. மாதம் ஒரு முறை ஆறு அறைகளையும் பாருங்கள். மிதவை உள்ள பேட்டரியில் குறி கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் ஊற்ற நேரம் வந்துவிட்டது. பொதுவாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும். கோடையில் சீக்கிரமே குறையும்.

2. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஏ.சி. பெட்டியில் வடியும் தண்ணீர் எதுவும் கூடாது. குடிக்க நல்லதாக இருக்கும் தண்ணீரிலும் உப்பும் இரும்பும் இருக்கும். அவை பிளேட்டை அரிக்கும். சார்ஜைத் தானாக இறக்கும்.

3. அமிலம் ஊற்றவே கூடாது. 'ஆசிட் ஊற்றினால் பேட்டரி ஜோராகிவிடும்' என்பது தவறு. உள்ளே அமிலம் குறையவில்லை என்பதை மேலே பார்த்தோம். அளவுக்கு மிஞ்சிய அமிலம் பிளேட்டைத் தின்றுவிடும்.

4. முழு சார்ஜ் ஏறிய பிறகு, குறி வரைக்கும் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது திரவ மட்டம் உயரும். முன்பே நிறைய ஊற்றிவிட்டால் அமிலம் பொங்கி வெளியே வழியும். பிளேட்டே வெளியே தெரிந்தால் மட்டும், முதலில் பிளேட் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏற்றிவிட்டு, பிறகு குறி வரை நிரப்புங்கள்.

5. டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காய்ந்தபின் வாசலின் தடவுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் அங்கே சூடேறி ஒயர் உருகும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பல மாதம் மின்வெட்டே இல்லாவிட்டாலும், மாதம் ஒரு முறை மெயினை அணைத்து அரைமணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட விடுங்கள். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பது அவசரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்திருந்தால் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால் அவதிப்பட்டிருக்க மாட்டோம்.

7. ஊருக்குப் போகும்போது முழு சார்ஜ் ஏற்றிவிட்டுப் போங்கள். நீண்ட நாள் ஆகுமென்றால் இடையில் ஒருவரை வந்து சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கும் வாயு. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். எனவே மாடிப்படிக்குக் கீழே அடைத்த அலமாரியில் பேட்டரியை வைக்காதீர்கள்; காற்றோட்டம் வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கொளுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பது மிகவும் ஆபத்து. ஊதுபத்தியும் சாம்பிராணிச் சட்டியும் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள்.

ஸ்பானர் பிடிக்கும் முன் மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றி வையுங்கள். இரண்டு டெர்மினலையும் ஒரே உலோகம் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். பைக், கார் பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ்; மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே சுத்தமான தண்ணீரை விட்டுக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போங்கள். துணியில் பட்டால் ஓட்டை விழும். நல்ல துணியோடு அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஓடும்?

பேட்டரியின் மேல் 150 ஏ.எச். என்று போட்டிருக்கும். 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும் என்பது அதன் பொருள். இதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி.

ஒரு வீட்டில் 75 வாட் ஃபேன் இரண்டு, 10 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு ஓடினால் மொத்தம் 190 வாட். கணக்குப்படி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் இன்வெர்ட்டரிலேயே ஒரு பகுதி சூடாக வீணாகும். வேகமாக எடுத்தால் பேட்டரி கொடுப்பதும் குறையும். முழுதாகக் காலி செய்யவும் கூடாது. ஆகவே புதிய பேட்டரியில் ஐந்து மணி நேரம் வந்தால் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் லைனில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போடாதீர்கள். பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். 'பீப்' சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அணைத்து அணைத்துப் போட்டு மிச்சத்தையும் உறிஞ்சுவது பேட்டரியின் ஆயுளைத்தான் உறிஞ்சும்.

செல்போனும் மின்சார ஸ்கூட்டரும்

இவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. சூடுதான் இதற்கு முதல் எதிரி.

தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே போனை விட்டுப் போகாதீர்கள். எப்போதும் நூறு வரை ஏற்றி, எப்போதும் பூஜ்யம் வரை இறக்காமல், 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருந்தால் நீடித்து உழைக்கும். போனின் பின்பக்கம் உப்பி மேலே எழும்பினால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள்.

மின்சார ஸ்கூட்டரை அதோடு வந்த சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் சற்று ஆறவிட்டுப் போடுங்கள். வீட்டு வாசலிலோ மாடிப்படி அடியிலோ இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். அங்கே தீப்பிடித்தால் வீட்டிலுள்ளவர்கள் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். லித்தியம் தீ பிடித்தால் வண்டியைக் காப்பாற்ற நினைக்காமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

பட்டன் செல்: இதை மட்டுமாவது படியுங்கள்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியைத் தாய்மார்கள் மறக்க வேண்டாம்.

சட்டைப் பித்தான் போல வட்டமாக, பளபளவென்று இருக்கும் சிறிய செல்லைத்தான் பட்டன் செல் என்கிறோம். கார் சாவி, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் செருப்பு, பெருநாளுக்கு வாங்கும் விளக்குப் பொம்மை, டிஜிட்டல் தஸ்பீஹ் ஆகியவற்றில் இருக்கும். அதில் பெரிய வகையின் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட்.

சிறு பிள்ளை இதை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கும் ஈரம், எலுமிச்சைச் சாறுபோல வழி விடுகிறது. மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. செல்லின் நெகட்டிவ் பக்கத்தில் காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண்ணாகிவிடும், உயிருக்கும் ஆபத்தாகலாம். 'தீர்ந்துபோன செல்தானே' என்று நினைக்காதீர்கள். கருவியை ஓட்ட முடியாத செல்லிலும் சதையை அரிக்கும் அளவுக்கு வலு மிச்சமிருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் இருக்கலாம். எச்சில் வழிவது, சாப்பிட மறுப்பது, வாந்தி, இருமல், நெஞ்சைப் பிடித்து அழுவது ஆகியவை அறிகுறிகள். சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து, எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். 'பட்டன் செல் விழுங்கியிருக்கலாம்' என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம்போலத் தெரியும். சொன்னால்தான் அவசரம் புரியும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒரு வயது முடிந்த பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்கும் நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அரிப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அது சிகிச்சை அல்ல. தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கூடாது. மூக்கிலோ காதிலோ செல்லைப் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். அங்கே எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. காது கேட்கும் கருவியின் செல் மாத்திரைபோல இருக்கும். மாத்திரை டப்பாவில் அதைப் போட்டு வைத்தால் முதியவர்கள் தவறி விழுங்கிவிடுவார்கள். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். பொம்மை வாங்கும்போது செல் இருக்கும் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால் அதற்கு விலை உண்டு; புதியது வாங்கும் கடையிலேயே கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

வீட்டில் உடைத்து ஈயத்தை எடுக்கவும், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கக் கொல்லையில் உருக்கவும் வேண்டாம். அமிலத்தைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். ஈயப் புகையும் தூசும் மண்ணில் தங்கிப் பிள்ளைகளின் உடம்பில் சேரும். ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு முதலில் தெரிவது பிள்ளையின் மூளை வளர்ச்சியில்தான்.

சிறிய செல்களையும் உப்பிய போன் பேட்டரிகளையும் குப்பையில் போடாமல், இரு முனையிலும் டேப் ஒட்டி நம் அலுவலகத்தில் கொடுங்கள். சேர்ந்தவுடன் முறைப்படி எடுத்துக்கொள்பவர்களிடம் ஒப்படைக்கிறோம். பட்டன் செல்லைக் கழற்றிய உடனே இரு பக்கமும் டேப் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

படிப்பகத்துக்கு இப்போது புதிய பேட்டரி வந்துவிட்டது. அதன் மேலே சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. தேதி, மிதவையின் நிலை, ஊற்றிய தண்ணீர், பார்த்தவர் பெயர் என நான்கு கட்டங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் பார்த்து எழுதுகிறார்கள். மூடியைத் திறப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அட்டையைத் தொங்க விடுங்கள். மாதம் ஐந்து நிமிடம் போதும்.



செயலாளர்